சம்பந்தி வாசித்த மேளம்

மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த நாளிலிருந்து லிஃப்ட் மெக்கானிக் பீரை வாயில் வைக்கவில்லை. மனைவி வைக்கவிடவில்லை என்பதே சரி. மாப்பிள்ளையின் அப்பா பல் டாக்டர். முதல் முறை வீட்டுக்கு வந்தபோது கொடுத்த சோடாவைக்கூடத் தள்ளி வைத்துவிட்டு, "எங்க வீட்டுல எந்தப் பழக்கமும் கிடையாதுங்க" என்று சொன்ன மனிதர். அடுத்தவர் சிரித்தால் வாயை உற்றுப் பார்ப்பாரே தவிர, தான் சிரிக்க மாட்டார். அவர் கார் தெருமுனை திரும்பியதும் மனைவி கதவைச் சாத்தினாள். "கல்யாணம் முடியற வரைக்கும் அந்த வாசனை உங்க பக்கம் வரக் கூடாது. வந்துச்சு, நேரா சம்பந்திகிட்டயே போட்டுக் கொடுத்துடுவேன்."

அவரும் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் மனசு கேட்கவில்லை. பகல் முழுக்க ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் குந்தியபடி வேலை. கிரீஸும் தூசியுமாக நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போன் செய்து, "இன்னொரு பில்டிங்ல லிஃப்ட் மாட்டிக்கிச்சு, வர லேட்டாகும்" என்று அளந்துவிட்டு, தெரிந்த முகம் எதுவும் தட்டுப்படாதபடி ஊரின் மறுகோடியில் ஓர் ஐரிஷ் பப்பைத் தேடிப் பிடித்தார்.

உள்ளே கருத்த மரச் சுவர், பித்தளைக் கம்பி ஓடிய கவுண்டர், அடுப்பிலிருந்து வந்த வெண்ணெய் வாசனை. மூலை மேசையில் உட்கார்ந்து, கறுப்பு பீர் ஒன்றும், மசித்த உருளைக்கிழங்கை மேலே மூடிச் சுட்ட, 'பை' என்கிற ஆட்டுக்கறிப் பண்டமும் சொன்னார். பீர் வந்தது. மேலே பாலாடை போல நுரை. முதல் வாய் உள்ளே இறங்கியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். உடம்பில் இருந்த திருகாணிகள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கண்ணைத் திறந்தபோது மேடையில் பாட்டு தொடங்கியிருந்தது. ஒரு பெண் வயலின் வாசித்தாள். ஒரு பெரியவர் குழல் ஊதினார். மூன்றாவது ஆள் சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, தட்டையான மேளம் ஒன்றைத் தொடைமேல் நிறுத்தி, சின்னக் குச்சியால் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். வாய் காதுவரை இருந்தது. அந்தப் பற்களை மெக்கானிக் அதுவரை பார்த்ததே இல்லை, அதனால் ஆள் பிடிபட நேரமானது. மூக்கைப் பார்த்ததும்தான் யாரென்று புரிந்தது. சம்பந்தி.

மேசையிலிருந்த மெனு கார்டைப் பிடுங்கி முகத்துக்கு முன்னால் நிறுத்தினார். நழுவலாம் என்றால் வாசல் மேடைக்குப் பக்கத்தில். பீரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. கார்டுக்குப் பின்னாலேயே இரண்டு மடக்கு குடித்தார். அப்போது பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"சம்பந்தி, மெனு தலைகீழா இருக்கு."

நிமிர்ந்தால் சம்பந்தியம்மா. அவர் கையிலும் ஒரு கறுப்பு கிளாஸ். மெக்கானிக் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"நான் லிஃப்ட் பார்க்க வந்தேங்க."

"இந்தக் கட்டிடத்துக்கு மாடியே கிடையாதே."

சம்பந்தியம்மா எதிரே உட்கார்ந்து, மேடையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க வீட்டுல இதையெல்லாம் கண்ணால பார்த்தாலே ஆகாதுன்னு, நாங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க சம்சாரம் போன்ல சொன்னாங்களே. அதை நம்பித்தான் இந்த மனுஷன் சோடாகூட வேண்டாம்னாரு. சிரிச்சா வாய் உளறிடும்னு சிரிக்கவும் இல்ல. வீட்டுக்குப் போயி ரெண்டு நாள் தாடை வலின்னாரு."

பாட்டு முடிந்தது. டாக்டர் மனைவியைத் தேடினார், மெக்கானிக்கைப் பார்த்தார், மேளம் கையிலிருந்து நழுவியது. மேளத்தைக் குனிந்து எடுப்பதுபோல ஒளிந்துகொள்ளப் பார்த்தார். ஆனால் மனைவி சிரிக்கிற சிரிப்பைக் கண்டு, மெதுவாக இறங்கி வந்து மேசையருகே நின்றார்.

"சம்பந்தி, நீங்க இங்க..."

"நீங்களும் இங்கதான் இருக்கீங்க சம்பந்தி."

யார் சிரிப்பு முதலில் வெடித்ததென்று தெரியவில்லை. டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். மெக்கானிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டுக்கறிப் பை மூன்றாகப் பிரிந்தது. அடுத்து மீன் வறுவலும் சிப்ஸும் வந்தன. "இந்தக் கடைவாய்ப் பல்லை ஒரு நாள் காட்டுங்க" என்று டாக்டர் இடையில் சொல்லிவைத்தார்.

பீர் இன்னொரு சுற்று வந்தபோது மெக்கானிக்கின் போன் அடித்தது. மனைவி.

"லிஃப்ட் சரியாச்சா? என்ன அங்க பாட்டுச் சத்தம்?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் சம்பந்தியம்மா போனை வாங்கினார். "சம்பந்தி, நான்தான் பேசறேன். உங்க வீட்டுக்காரரு எங்ககூட பீர் குடிச்சிட்டு இருக்காரு. டாக்சி பிடிச்சு வாங்க. இன்னொரு பை சூடா வருது."

மறுமுனையிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. "எந்த இடம்னு சொல்லுங்க."

அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். டாக்டர் மேடையில் மேளத்தோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவள் புருஷன் இரண்டு கரண்டிகளை முதுகோடு முதுகு சேர்த்துப் பிடித்து, முழங்காலில் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அவருக்குத் தாளம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குமே அரைமணி முன்னால்தான் தெரிந்தது.

அவளைக் கண்டதும் டாக்டர் பழக்க தோஷத்தில் தன் கிளாஸை மேளத்துக்குப் பின்னால் மறைத்தார்.

"மறைக்காதீங்க அண்ணா" என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டபடி. "இந்த ஒரு மாசமா வீட்டுல இவரு மூஞ்சியைப் பார்க்க முடியல. எனக்கும் ஒரு வாய் கொடுங்க, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்கறேன்."

ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது. நுரை மட்டும் நல்லாயிருக்கு என்று தீர்ப்புச் சொன்னாள். வயலின் வேகம் எடுத்தபோது சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தார். இரண்டு பேரும் புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, மேசைகளுக்கு நடுவே சுற்ற ஆரம்பித்தார்கள்.