வலையில் பழகிய குட்டி

முதல் உதை நாய்க்குட்டிக்கு விழுந்தது. அடுத்த அறை அனிதாவுக்கு.

உதட்டில் ரத்தம் கரித்தது. கூடம் முழுக்க விரித்திருந்த புது வலையில், மஞ்சளும் குங்குமமும் வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஈரம். சுவரில் மோதி விழுந்த குட்டி கத்திக்கொண்டிருந்தது.

"தடைக்காலம் முடிஞ்சி நாளைக்குக் கடல் தொறக்குது. வலைக்குப் பூஜ போடுற நேரத்துல மூத்திரமா? வூடாடி இது?" என்று கத்தினான் அரிகிருஷ்ணன். அனிதாவின் கணவன் சிலம்பரசனுக்கு அண்ணன். படகில் இருவருக்கும் பாதிப் பாதி. பேச்சு மட்டும் முழுக்க அண்ணனுடையது. சிலம்பரசன் கற்பூரத் தட்டோடு நின்றான்.

தப்பு யாருடையது என்று அனிதாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

மணப்பட்டுக் கரையில் மீன் கூடைகளுக்கு நடுவே கிடந்த குட்டியைத் தூக்கி வந்தவள் அவள்தான். மீசை நீளமாக இருந்ததால் கெளுத்தி என்று பேர் வைத்தாள். வந்த புதிதில் வீட்டுக்குள் எங்கே கால் வைத்தாலும் ஈரம். பேப்பர் விரித்தால் கிழித்துத் தின்றது. சாக்கு விரித்தால் அலசிக் காய வைத்து மாளவில்லை. கிழிந்த நைலான் வலைக்கு அந்த வீட்டில் பஞ்சமா? பின்வாசலில் ஒரு துண்டை விரித்தாள். சோறு தின்றதும் குட்டியைத் தூக்கி அதன்மேல் விடுவாள். ஒழுங்காகப் போனால் ஒரு நெத்திலிக் கருவாட்டுத் தலை. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் வலை சுத்தம். குட்டி சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அவசரம் வந்தால் வலையைத் தேடி ஓடியது. "போலீஸ் நாய்கூட இப்டிப் பழகாதுடா!" என்று சிலம்பரசன் டீக்கடையில் பீற்றிக்கொண்டான்.

இன்று குட்டி தேடவே வேண்டியிருக்கவில்லை. கூடமெங்கும் வலை. வேலையை முடித்துவிட்டு, கருவாட்டுத் தலைக்காக வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் உதை விழுந்தது.

"அது மேல தப்பில்ல மாமா. வலை மேலதான் போவணும்னு நான்தான் பழக்குனேன்."

"இன்னாது? பழக்குனியா? சோறு போடுற வலையில மூத்திரம் போவ கிளாஸ் எடுத்தியாடி?"

அரிகிருஷ்ணன் ஒரே எட்டில் குட்டியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். "டேய் தம்பி, கல்லும் கயிறும் எடுத்துக்கினு வா. இத்தக் கடல்ல எறக்குனாத்தான் தீட்டுப் போவும்."

"வுடுண்ணே. கழுவிட்டாப் போச்சி" என்றான் சிலம்பரசன், தட்டைப் பார்த்துக்கொண்டே.

"பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கினு பேசாத!"

விரல்கள் இறுகின. குட்டியின் கத்தல் நின்றது. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அவனுக்கும் அனிதாவுக்கும் நடுவில் வலை. பெண்கள் வலையைத் தாண்டினால் மீன் விழாது என்பார்கள். வாழ வந்த நாளிலிருந்து அவள் சுற்றிக்கொண்டுதான் போயிருக்கிறாள். இப்போது சமையல்கட்டு வாசலில் கிடந்த மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். நேராக வலைமேல் நடந்தாள். நடுவில் உட்கார்ந்து, ஒரு கை வலையைச் சுருட்டி அதில் கத்தியை வைத்தாள்.

"கீழ வுடு மாமா. இல்லன்னா அறுத்துடுவேன்."

"அறுப்பியா? அறுடி பாப்போம்!"

அறுத்தாள். நைலான் நரநரவென்று பிரிந்தது. அடுத்த சுருட்டைப் பிடித்து அதையும் அறுத்தாள்.

அரிகிருஷ்ணன் அவள் முகத்தைக் குறிவைத்துக் குட்டியை வீசினான். அது அவள் தோளில் மோதித் தரையில் விழுந்தது, முன்கால் கோணிக்கொண்டது. பின்னாலேயே அவனும் பாய்ந்து அவள் முடியைப் பிடித்துத் தலையைத் தரையில் இடித்தான். கத்தியைப் பிடுங்க வந்த கை கிழிந்தது. மஞ்சள் தடவிய வலையில் ரத்தம் கொட்டியது. கிழிந்த கையாலேயே அவள் கழுத்தை அழுத்தினான்.

அவன் தோளுக்கு மேலே அனிதா பார்த்தாள். சிலம்பரசன் கற்பூரத் தட்டைக் கீழே வைத்தான். மூலையில் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தான். யாருக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. அறுபட்டது அவனுடைய வலையும்தான். அண்ணனுக்கு எதிரில் அவன் கையை ஓங்கியதே கிடையாது.

"நவுரு" என்றான்.

அரிகிருஷ்ணன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

துடுப்பு இறங்கியது. முழங்காலில் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அரிகிருஷ்ணன் உருண்டு விழுந்து அலறினான்.

"ஒரு நாய்க்காடா கூடப் பொறந்தவன அடிச்ச?"

"அது நாய்க்கு." மறுபடியும் துடுப்பு இறங்கியது, இம்முறை தோளில். "இது அவ உதட்டுக்கு." இன்னொன்றுக்கு ஓங்கினான். அவன் கண்ணைப் பார்த்தால், இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்ததையெல்லாம் இன்றே முடித்துவிடுவான் போலிருந்தது.

அனிதா இருமிக்கொண்டே அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "அப்பறம் அடிச்சிக்க. மொதல்ல வண்டிய எடு. குட்டிக்கு மூச்சு இருக்குது."

துடுப்பு அந்தரத்தில் நின்றது. பிறகு தரையில் விழுந்தது. சிலம்பரசன் மூச்சு வாங்க அண்ணனைப் பார்த்தான். "ஆட்டோவுக்குச் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போயிடு. நாளைக்கு நான் படகு ஏற மாட்டேன். உன்கூட இனிமே எப்பவும் ஏற மாட்டேன்."

பாகூர் ரோட்டில் வண்டி பறந்தது. மாட்டு டாக்டர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் குழி. ஒவ்வொரு குழியிலும் தோள்துண்டில் சுற்றியிருந்த குட்டி துடித்தது. வலி தாங்காமல் அனிதாவின் விரலைக் கடித்தது. பல் ஆழமாக இறங்கியது. கடிக்கிற அளவுக்கு இன்னும் உயிர் இருக்கிறது என்று, அவள் விரலை எடுக்காமல் அப்படியே விட்டாள்.