காதில் மஞ்சள் தண்ணீர்

செல்லி அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுப் புண்ணில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, ஊர்க்கவுண்டர் வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். முழங்கால் வரை புழுதி ஏறியிருந்தது. காலையிலேயே பாப்பாரப்பட்டி தபாலாபீசுக்கு நடந்து போய்விட்டு, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக வந்திருக்கிறார் என்று தெரிந்தது. கையில் கடிதம் எதுவும் இல்லை.

"எப்படி இருக்குது பச்சியப்பனுக்கு?"

"நேத்துலிருந்து கஞ்சி எறங்கலைங்க மாமா. பேச்சு மட்டும் அப்பப்ப வருது."

அவர் உள்ளே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைச் சற்று நேரம் பார்த்தார். கொல்லைப்பக்கமிருந்து தம்பி தீர்த்தன் வந்து நின்றான்.

"இன்னிக்கே முடிச்சரலாம்னு பாக்கறன் தீர்த்தா. உங்கப்பன் உசுரு இருக்கறப்பவே. போயிட்டாருன்னா உங்களுக்குப் பதினாறு நாளு தீட்டு. கோயில் கதவத் தொறக்க முடியாது. அத்தன நாளு என்னால பொறுக்க முடியாது."

எதை முடிப்பது என்று யாரும் கேட்கவில்லை. கவுண்டரின் ஒரே மகன் சின்னராஜ் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாப் பக்கம் போயிருந்தான். அவனிடமிருந்து கடுதாசி வந்து ஐந்து மாதம் ஆகிறது. முந்தாநாள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்து, தெருவே உருண்டு அழுதது. மகன் திரும்பி வரவேண்டும் என்று கவுண்டர் மாரியம்மனுக்கு ஒரு கறுப்புக் கிடாவை நேர்ந்துவிட்டிருந்தார். ஆடித் திருவிழாவில் அதை வெட்டியிருக்கவேண்டும். அங்கேதான் காரியம் கெட்டது.

பச்சியப்பன் அந்தக் கோயிலின் பூசாரி. வெட்டுக்கத்தியும் அவர் கையில்தான். ஆனால் கத்தியை எடுக்கும் முன் கிடாவிடம் உத்தரவு கேட்கவேண்டும். அதன்மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் காத்திருப்பார்கள். அது உடம்பை உதறிச் சிலிர்த்துவிட்டால், துலுக்கிவிட்டது என்பார்கள். ஆத்தாளும் ஏற்றுக்கொண்டாள், ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். பச்சியப்பன் கேட்டு முப்பது வருசமாக ஒரு கிடாவும் மாட்டேன் என்றதில்லை. இந்த ஆடியில் மட்டும் கவுண்டரின் கிடா உச்சிவெயிலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அசையாமல் நின்றது. ஊரே நின்றது. கடைசியில் பச்சியப்பன் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "கேட்டாச்சு. மாட்டேங்குது" என்று சொல்லிக் கத்தியை உறையில் போட்டார். பத்தாம் நாள் படுக்கையில் விழுந்தார். ஆத்தாளுக்குக் காட்டிய ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தால் வேறென்ன நடக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது.

கவுண்டர் அப்பாவின் காதருகே குனிந்தார். "பச்சியப்பா, தீர்த்தன் கத்தியத் தொடட்டும். உத்தரவு குடு."

அப்பா அவரைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"குடுத்துட்டாரு" என்று சொல்லிக் கவுண்டர் எழுந்தார். தீர்த்தன் அக்காவைப் பார்த்தான். செல்லி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். பரண்மேலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு அவன் கவுண்டர் பின்னால் போனான்.

செல்லிக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. ஏழு வயதில், "நாம கேக்கறது ஆட்டுக்கு எப்படிப்பா புரியும்?" என்று கேட்டிருக்கிறாள். "உனக்குப் புரியுதில்ல, அது மாதிரிதான்" என்றார் அப்பா. அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, மாமியார் இல்லாத ஒரு மத்தியானம், பட்டியிலிருந்த ஆறு ஆடுகளுக்கும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். முதுகில் ஊற்றினால் சில ஆடுகள் தோலை மட்டும் சுளித்துக்கொண்டு நகர்ந்தன, சில அதுகூடச் செய்யவில்லை. காதுக்குள் ஊற்றினால் ஆறும் தலையிலிருந்து வால்வரை உதறின. ஒன்றுகூடத் தப்பவில்லை. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆனால் ஆடித் திருவிழாச் சேதி கேட்டதிலிருந்து ஒரு கேள்வி நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்து ஆறு நாளாகியும் அதைக் கேட்க வாய் வரவில்லை.

இப்போது கேட்டாள்.

"அப்பா. ஆடியில அதுக்குக் காதுல ஊத்துனியா?"

அப்பா கண்ணைத் திறந்தார். மகளுக்கு இது தெரிந்திருக்கிறதே என்று அவர் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை.

"இல்ல" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "முதுவுல மட்டுந்தான்" என்றார்.

"ஏம்பா?"

அப்பாவின் இமை மெல்லத் தாழ்ந்தது. தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தாள்.

"முப்பது வருசமா கேக்கறாப்பல கேட்டன். ஒருக்கா நெசமாவே கேட்டுப் பாக்கலாம்னு தோணுச்சு. என்ன சொல்லுதுன்னு."

"அது சும்மா நின்னுக்கிட்டிருந்திருக்கும்பா."

"ஆமா. நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு." பிறகு, "அப்ப வெட்டுன மத்ததெல்லாம்?" என்றார். அது அவளிடம் கேட்டதல்ல. அவர் கண்கள் கூரை வாரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போயின.

அடுப்படியில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அம்மா காசியம்மாளின் முறம் நின்றிருந்தது. செல்லி எழுந்து அங்கே போனாள்.

"உனக்கு இது தெரியுமாம்மா?"

காசியம்மாள் அதிகம் பேசுகிறவள் அல்ல. எதையும் கேட்கிறவளும் அல்ல. முறத்தில் தங்கிய கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள்.

"கெடாத்தல பூசாரி வூட்டுக்கு. வருசா வருசம் அதச் சுட்டுச் சொரண்டிக் கழுவறவ நானு. காதுக்குள்ள மஞ்சத் தண்ணி நிக்கறது எனக்குத் தெரியாதா?"

"ஒருநாளும் கேட்டதில்லையா அவரை?"

"எல்லாருக்குந் தெரியும். கவுண்டருக்குத் தெரியாதா? தெரிஞ்சா மட்டும்?" மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள்.

கோயில் பக்கமிருந்து மேளம் கேட்டது. கோயில் தெருமுனையில்தான், நூறு எட்டுகூட இருக்காது. தீர்த்தன் என்ன செய்யப்போகிறான் என்று பார்க்காமல் செல்லியால் இருக்க முடியவில்லை. "நான் பாத்துக்கறன், போ" என்றாள் அம்மா, அவள் கேட்காமலேயே.

கோயிலடியில் முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். கறிப்பங்கு வாங்கச் சிலர் தூக்குப்போசியும் கொண்டுவந்திருந்தார்கள். கறுப்புக் கிடாவைக் கல்தூணில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் வேப்பிலை மாலை. அந்த மாலையையே எட்டி எட்டித் தின்னப் பார்த்தது. வாய்க்கு எட்டாதபோது கழுத்தை மறுபக்கம் வளைத்துப் பார்த்தது. செல்லி அதன் கண்ணைப் பார்த்தாள். மஞ்சள் கண்ணில் படுக்கைக் கோடாகக் கறுப்பு. அது தன்னைப் பார்க்கிறதா, தனக்குப் பின்னால் இருக்கும் சோளத்தட்டைப் பார்க்கிறதா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தீர்த்தன் குளித்து ஈர வேட்டியோடு நின்றான். சொம்பைத் தூக்கியதும் மேளம் நின்றது. கிடாவின் முதுகில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினான். தண்ணீர் வயிற்று மயிரில் வழிந்து சொட்டியது. கிடா வாயை அசைத்துக்கொண்டு நின்றது. எல்லோரும் பார்த்தார்கள். நெடுநேரம் ஆயிற்று. மேளத்தை மறுபடி அடித்தார்கள்.

இரண்டாவது சொம்பு. மேளம் நின்றது. தீர்த்தன் முதுகிலேயே ஊற்றினான். கிடா புழுக்கை போட்டது. யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள். மீண்டும் மேளம்.

மூன்றாவது சொம்பை அவன் கையில் எடுத்தபோது மேளம் அடங்கியது. கவுண்டர் அவனருகே போய் நின்றார். மெல்லத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது.

"தீர்த்தா. காதுல."

கூட்டத்தில் ஒருவரும் திடுக்கிடவில்லை. ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டார். ஒருத்தி குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். எல்லோரும் அந்த ஒரு கணம் வேறெங்கோ பார்த்தார்கள். கவுண்டர் முகத்தில் அதட்டல் எதுவும் இல்லை. கெஞ்சுகிற முகம் அது. தீர்த்தன் அந்த முகத்தைப் பார்த்தான். சொம்பை உயர்த்திக் கிடாவின் காதுப் பக்கமாகக் கொண்டுபோனான்.

அப்போது வீட்டிலிருந்து ஒப்பாரி எழுந்தது.

காசியம்மாளின் குரல். 'கத்தி புடிச்ச மகராசா, காத்தாப் போனீரே' என்று நீட்டி, ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி. தீர்த்தன் கை அப்படியே நின்றது. சொம்பைத் தரையில் வைத்தான். வைத்த பிறகுதான் அவன் முகம் கோணியது. தீட்டு வந்துவிட்டது, இனி அவன் ஆத்தாளின் படியை மிதிக்க முடியாது. கோயிலுக்குள் எரிந்த விளக்கை ஒருவர் போய் அணைத்தார். கவுண்டர் கல்தூணைப் பிடித்துக்கொண்டார்.

செல்லி ஓடினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்து, தலையை விரித்துப் போட்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தாள். செல்லி அப்பாவின் மேல் விழப்போய் நின்றுவிட்டாள்.

அப்பாவின் கண் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கிற்று.

அம்மா பாட்டை நிறுத்தவில்லை. அழுதபடியே செல்லியைப் பார்த்து, கதவைக் காட்டித் தலையசைத்தாள். செல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. மேளம் எத்தனை தடவை நின்றது என்று அம்மா இங்கே இருந்தபடியே எண்ணியிருக்கிறாள்; மூன்றாவது தடவை தண்ணீர் காதுக்குள்தான் போகும் என்று தெரிந்து ஒப்பாரி எடுத்திருக்கிறாள்.

செல்லி கதவைச் சாத்தித் தாழிட்டாள். வெளியே காலடிகள் கூடின. "கதவத் தொற செல்லி" என்று பக்கத்து வீட்டு ராமக்கா தட்டினாள்.

"வேட்டி மாத்தறோம், இருங்க" என்றாள் செல்லி. அவ்வளவு இயல்பாக அந்தப் பொய் தன் வாயில் வந்ததைப் பிறகு அவள் பலநாள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவருடைய பிறப்பைப் பாடினாள், கைப்பிடித்த நாளைப் பாடினாள், சந்தைக்குப் போய் வாங்கிவந்த கண்ணாடி வளையலைப் பாடினாள். இத்தனை வருசத்தில் அம்மா இவ்வளவு பேசி செல்லி கேட்டதில்லை. அப்பாவும் கேட்டிருக்கமாட்டார். அவர் கண் அம்மாவின் வாயைவிட்டு அகலவில்லை. அடுத்த வரியில் என்ன வரப்போகிறது என்று பார்க்கிறவர்போல இருந்தது அந்தப் பார்வை. கதவு மறுபடி தட்டப்பட்டது. செல்லி அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டது. ஒன்று வந்தது. அதற்குப் பின் வெகுநேரம் கழித்து இன்னொன்று. அதற்குப் பின் செல்லி காத்திருந்தாள், அம்மாவும் ஒரு வரியின் நடுவில் காத்திருந்தாள்.

வரவில்லை.

காசியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டாள். கையை நீட்டி அவர் கண்ணை மூடினாள். கலைந்த தன் தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டு, "தொற" என்றாள். அந்த ஒரு சொல்லே பாதிதான் வெளியே வந்தது.

பொழுது சாய்வதற்குள் குளிப்பாட்டிப் பாடை கட்டிவிட்டார்கள். பாடை தூக்கும் முன் கவுண்டர் வந்து தீர்த்தன் கையைப் பிடித்துக்கொண்டார். செல்லி இரண்டடி தள்ளி நின்றாள்.

"ஆடியில ஒரு தடவ. இன்னிக்கு ஒரு தடவ. ரெண்டு தடவையும் ஆத்தா மாட்டேன்னுட்டா. மூணாவது தடவ கேக்க எனக்குத் தெம்பில்ல தீர்த்தா. கெடாவ அவுத்து உட்டுட்டு வந்துட்டன். எங்கியாவது மேஞ்சுக்கட்டும்." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நாளைக்குத் தபால் பாக்கப் போவணும்" என்றார்.

செல்லியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு அந்தத் தபாலில் என்ன இருக்கும்? நல்லது வந்தால் சரி. வேறு ஏதாவது வந்தால், வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற அம்மா அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? தான் எங்கே வைப்பது? கவுண்டர் பாடையின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். ஓட்டமும் நடையுமாக ஆண்கள் போனார்கள். பெண்கள் தெருமுனையோடு திரும்பினார்கள்.

இருட்டும் நேரத்துக்கு ராமக்கா ஒரு சட்டியில் களி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டிருந்தது. ஒரு வாய் களியை உருட்டிப் போட்டவள் விழுங்க முடியாமல் கையால் தொண்டையைப் பிடித்தாள். செல்லி களியை வாங்கிக் கும்பாவில் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்தாள். கரைக்கக் கரைக்கக் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அம்மா இதை எப்போது நினைத்தாள்? ஆட்டுக்காகவா, தீர்த்தன் கைக்காகவா? இல்லை, அவர் கண் மூடுவதற்குள் அவர் நிஜமாகக் கேட்ட அந்த ஒரே கேள்வி கெடாமல் இருக்கட்டும் என்றா? அவர் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்றுதான் அந்த வளையலைப் பாடினாளா?

கும்பாவை நீட்டினாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

காசியம்மாள் நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். அழுது வீங்கிய கண்கள். கேள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செல்லி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உப்பு பத்துதா?"

காசியம்மாள் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து, இன்னும் இத்துனூண்டு என்று காட்டினாள்.