சல்யூட் இல்லாத படை

செண்பகராஜ் பதினொன்றாம் வகுப்பு தேறிய வாரமே பட்டாளத்தில் சேரப் போவதாகச் சொன்னான். அவன் தகப்பனார் வன்னியபெருமாள் மறுக்கவில்லை. எந்தப் படை என்பதை மட்டும் தாமே முடிவு செய்வதாகச் சொன்னார்.

தரைப்படை கிடையாது. பங்காளி வேல்சாமியின் மகன் சங்கிலிப்பாண்டி அங்கே ஹவில்தாராக இருந்தான். உச்சிமாகாளி கோயில் கொடைத் திருவிழாவில் முதல் திருநீறு மூத்த வீட்டுக்குத்தான். வன்னியபெருமாளின் தகப்பனார் வேல்சாமியின் தகப்பனாருக்கு மூத்தவர், ஆகவே அவருடையதே மூத்த வீடு. ஆனால் வயதில் மூத்தவர் வேல்சாமி. ஒரு கொடையில் பூசாரி தட்டை அவரிடம் முதலில் நீட்டிவிட்டார். அவரும் கூசாமல் எடுத்துப் பூசிக்கொண்டார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இந்த வீட்டுப் பிள்ளை சல்யூட் அடிப்பதா?

“ஹவில்தாருக்கு சல்யூட் கிடையாது அண்ணாச்சி, ஆபீசருக்குத்தான்,” என்றார் பட்டாளத்தில் இருந்து திரும்பிய மாடக்கண்ணு. “முன்னால வெறப்பா நிக்கணும். சொன்னதச் செய்யணும். அம்புட்டுத்தான்.”

“அது சல்யூட்ட விடக் கேவலமால்லா இருக்கு,” என்றார் வன்னியபெருமாள்.

விமானப்படைக்குக் கணக்கில் நல்ல மார்க் வேண்டும். செண்பகராஜ் வாங்கிய மார்க்கை அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. மிஞ்சியது கடற்படை.

“அய்யா, எனக்கு நீச்சல் தெரியாதே.”

“கடல்ல எவம்லே நீந்துதான்? கப்பல்லல்லா போறான்.”

“கப்பல் கவுந்துட்டுன்னா?”

கப்பல் கவிழ்வதைப் பற்றி வன்னியபெருமாள் பெரிதாக நினைக்கவில்லை. மூத்த வீட்டுப் பிள்ளை தண்ணீரைக் கண்டு முழிப்பதை நாலு பேர் பார்த்துச் சிரிப்பார்களே என்பதுதான் அவரை உறுத்தியது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயில் முழங்கால் மட்டும்தான் தண்ணீர். ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கிடந்தது ஒரே கிணற்றில். அது வேல்சாமியின் கிணறு.

வன்னியபெருமாள் வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். வேல்சாமி கமலையில் தண்ணீர் இறைத்த மயிலை மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வன்னியபெருமாள் மாட்டின் முன்னால் போய் நின்று அதனிடம் கேட்டார்.

“ஏ மயிலை, இந்தக் கெணத்துல ஒரு பய நீச்சல் படிச்சா தண்ணி கொறஞ்சிருமா?”

வேல்சாமி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். “தண்ணி கொறையாது மயிலை. கேக்க வந்தவிய கவுரவம் கொறஞ்சிராமப் பாத்துக்கிடச் சொல்லு.”

“கவுரவம் எங்ககிட்ட மிச்சமாவே கெடக்குன்னு சொல்லு.”

“அப்பம் நாளைக்கே வரச் சொல்லு. சங்கிலி லீவுல வந்திருக்கான். அவன் சொல்லிக்குடுப்பான்.”

மாடு இருவரையும் பார்த்துவிட்டு வைக்கோலைத் தின்னப் போனது.

மறுநாள் முதல் செண்பகராஜ் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்கினான். வன்னியபெருமாள் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, பருத்திக் காட்டைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்தார். காதை என்ன செய்வது?

“நிமிந்து நில்லுலே! கைய நீட்டு! குதி!”

“சரிண்ணே!”

கோவணத்தோடு நிற்பவன் விறைப்பாக நின்றால் அது கணக்கில் சேராது என்று வன்னியபெருமாள் முடிவு செய்தார்.

தூத்துக்குடியில் ஆள் எடுத்தார்கள். நீச்சலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பல்லைப் பார்த்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், மூச்சை இழுத்து மார்பை விரிக்கச் சொன்னார்கள். கிணற்றுக்குள் மூச்சடக்கிப் பழகிய மார்பு கேட்டதற்கு மேலேயே விரிந்தது. செண்பகராஜைக் கடற்படைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

புறப்படும் நாள் பார்வதியம்மாள் புருஷனிடம் சொன்னாள்: “பங்காளி வீட்டுப் பெரியவிய கையால துன்னூறு பூசாம பிள்ளைய அனுப்ப மாட்டேன். நான் ஆள் விட்டுச் சொல்லியாச்சு.”

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வேல்சாமி வந்திருந்தார். செண்பகராஜ் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில் அவர் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வன்னியபெருமாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சல்யூட் கூடாது என்று மகனிடம் சொல்லியிருந்தார். காலில் விழுவதைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று.

வேல்சாமி மடியிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். செண்பகராஜ் நெற்றியை நீட்டினான். அவர் பூசவில்லை.

“மொதல்ல ஒங்க அய்யா எடுக்கட்டும்லே,” என்று பொட்டலத்தை வன்னியபெருமாள் பக்கம் நீட்டினார்.

வன்னியபெருமாள் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தான். அவர் ஒரு சிட்டிகை எடுத்துத் தம் நெற்றியில் பூசினார், பிறகு மகன் நெற்றியில் பூசினார். அதன் மேல் வேல்சாமி பூசினார். செண்பகராஜ் ஏறியதும் பஸ் போய்விட்டது. பார்வதியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஊர் பஸ் எங்கே நிற்கிறது என்று பார்க்கப் போனாள்.

இருவரும் தனியாக நின்றார்கள். வன்னியபெருமாள் சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் மாடு எதுவும் இல்லை.

“கெணத்துக்கு ஒரு சொவர் எடுத்துக் கட்டணும் அண்ணாச்சி,” என்றார். “எவனாவது விழுந்துருவான்.”

“ஒம் மகனத் தவிர எவனும் அதுல விழுந்ததில்ல தம்பி.”

வன்னியபெருமாள் துண்டைச் சரிசெய்துகொண்டார். அண்ணாச்சி என்று அழைத்தது வயதுக்கான மரியாதை. மூத்த வீடு எது என்பதில் மாற்றமில்லை.