மூடி மட்டும்

அக்காவுக்குத் தம்பி என்றால் உயிர். சோப்புக் கம்பெனியில் லேபிள் வரைகிற வேலையில் அவன் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் வேலை செய்வதோ குப்பை பிரிக்கிற கூடத்தில், ஓடுகிற பெல்ட்டின் முன்னால். தம்பி வரைந்த கவர் அழுக்கோடு அழுக்காக வந்தால்கூட எடுத்துத் துடைத்து, பக்கத்தில் நிற்பவளிடம் காட்டிப் பீற்றிக்கொள்வாள்.

அந்த அக்கா இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஆபீசுக்கே வந்துவிட்டாள். வரவேற்பறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில், துணி துவைக்கும் திரவம் வருகிற காலிக் கவர்.

"என்னை பெல்ட்டுல நிக்க வேணாம்னுட்டாங்கடா. இந்தக் கவரையெல்லாம் மூணு மாசமா மறுசுழற்சிக் கட்டுலதான் போட்டேன். வாங்குற ஃபேக்டரிக்காரன் லாரியோட திருப்பி அனுப்பிட்டான். இது எதுக்கும் உதவாத குப்பைன்னு சூப்பர்வைசர் சொல்றாரு. என் தம்பி மறுசுழற்சி முக்கோணம் போட்டிருக்கான், அவன் பொய்யா போடுவான்னு அத்தனை பேர் முன்னாடி சண்டை போட்டுட்டேன். நீ ஒரு வார்த்தை சொல்லு, திரும்பக் கூப்பிட்டுடுவாரு."

தம்பி அந்தக் கவரைப் பார்த்தான். பொய்தான் போட்டிருந்தான், பாவி. அந்தக் கவரில் மறுசுழற்சிக்கு ஆவது மூடி ஒன்றுதான். மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் பிரிக்க முடியாதபடி ஒட்டிய தாள். பச்சை முக்கோணத்தை முதலில் மூடிக்குப் பக்கத்தில் சின்னதாகத்தான் வைத்தான். நடுவில் பெரிதாக வைக்கச் சொன்னவர் மேனேஜர். ஆனால் 'மூடி மட்டும்' என்ற எழுத்தை அடிமடிப்புக்குள், எறும்புக்கே பூதக்கண்ணாடி வேண்டும் என்கிற அளவில் ஒளித்து வைத்தது அவனுடைய சொந்த மூளை. அதற்கு மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தபோது எவ்வளவு பூரிப்பு, வெட்கங்கெட்டவனுக்கு.

தம்பி கவரை வாங்கி, அடிமடிப்பைப் பிரித்துக் காட்டினான். அவள் எட்டப் பிடித்துப் பார்த்தாள், கிட்டப் பிடித்துப் பார்த்தாள். படித்து முடித்தும் நிமிரவில்லை.

"நீயா இங்க வச்சே?"

"ஆமாக்கா." முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை அவனுக்கு. "போன் போடு. உன் மேல தப்பில்லைன்னு நானே சொல்றேன்."

அவள் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தாள். "என்னம்மா, உங்க தம்பி என்ன சொல்றாரு?" என்றார் சூப்பர்வைசர்.

அவன் வாயைத் திறந்தான். அந்த நேரம் பார்த்து மேனேஜர், பல் குத்திக்கொண்டே, கதவைத் தள்ளி உள்ளே வந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

அக்கா அவரைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"தம்பி சரியாத்தான் போட்டிருக்கான் சார்," என்றாள் போனில். "மூடி மட்டும்னு அடியில எழுதியிருக்கு. நான்தான் பாக்கல."

"அப்ப உங்க இடத்துக்கு வேற ஆள் போட்டுடறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் வாயையே பார்த்தாள். பிறகு, "சரிங்க சார்," என்று போனை வைத்தாள்.

மேனேஜர் ஒரு புன்னகையை உதிர்த்துவிட்டு மாடிக்குப் போனார். அவர் தலை மறைந்ததும் தம்பி, "அக்கா, நான் வேணும்னா மறுபடி கூப்பிட்டு..." என்று இழுத்தான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"போனை வைக்கிற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்டா, நீ பேசுவேன்னு."