பிரேம் சுத்தம் செய்த புழக்கடை

கொல்லிமலை எடப்புளி நாட்டில் பிக்கப் வண்டி ஓட்டும் பிரேமுக்குச் சும்மா இருக்க வராது. மரவள்ளிக் காட்டில் களை வெட்டப் பக்கத்துக் காட்டு மணிவண்ணனிடம் மெஷின் இரவல் வாங்கியிருந்தான். வேலை முடிந்த பிறகும் டேங்கில் பெட்ரோல் மிச்சம். பெண்டாட்டி சுகுணா அதே மலையில் தேவனூர் நாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று, புழக்கடையில் மண்டிக் கிடந்த பச்சையையெல்லாம் ஒட்ட வழித்துவிட்டான். வேலியில் படர்ந்திருந்ததையும் விடவில்லை. தரை சவரம் செய்த கன்னம்போல ஆனது. போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பினான். அங்கே டவர் கிடைக்காததால் பதில் வரவில்லை.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுக் கண்ணாயி, புருஷனுக்குச் சளி என்று தூதுவளை பறிக்க வந்தாள். வெறுந்தரையைப் பார்த்ததும், பந்தல் போடத்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஊட்டுல ஏதாச்சும் கெட்ட காரியமா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அவள் போன பின் கீழ்வீட்டு அப்பாசாமி, மூட்டுவலிக்கு முடக்கத்தான் தழை வேண்டுமென்று மேடேறி வந்தார். இல்லை என்றதும் முழங்காலைத் தடவிக்கொண்டே இறங்கிப் போனார். பாதி ஊருக்கு மருந்தான தழைகளை வழித்துப் போட்டுவிட்டோம் என்பது பிரேமுக்கு அப்போதுதான் உறைத்தது.

வெட்கத்தை விட்டு வீடு வீடாகப் போய்க் கன்று கேட்டான். ஒரு வீட்டில் ஒன்று, இன்னொரு வீட்டில் வேறொன்று என்று எல்லாரும் கொடுத்தார்கள். எல்லாமே சுகுணா தந்த கன்றிலிருந்து வந்தவை என்று சொல்லிச் சொல்லியே கொடுத்தார்கள். போன வருஷம் தனக்குக் காமாலை வந்தபோது அவள் அரைத்துக் கொடுத்த கீழாநெல்லியை மட்டும் யாரிடமும் கேட்க மனம் வரவில்லை. ரோட்டோரத்தில் தானே தேடிப் பிடுங்கிவந்து, பாத்தி கட்டி நட்டுத் தண்ணீர் ஊற்றினான்.

சுகுணா பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகப் பின்பக்கம்தான் போனாள். போட்டோ வழியிலேயே அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தவனுக்கு, அவள் ஒவ்வொரு பாத்தியாக நின்று பார்த்துக்கொண்டே வந்தது கிலியாக இருந்தது. கடைசிப் பாத்தியில் குனிந்தாள்.

"இது என்னங்க?"

"கீழாநெல்லி."

ஒரு விரலால் தொட்டாள். இலையெல்லாம் மூடிக்கொண்டது. அடுத்த செடியைத் தொட்டாள். அதுவும் மூடிக்கொண்டது.

"தொட்டாச்சிணுங்கிக்குப் பாத்தி கட்டுன மொதோ ஆளு நீங்கதானுங்க," என்றாள். அதற்குமேல் அடக்கமாட்டாமல் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். அவனுக்கு உயிர் வந்தது.

வேர் மண்ணுக்குள் இருந்ததால் இரண்டு மழையில் பழைய செடிகள் துளிர்த்துவிட்டன. நட்டவையும் பிடித்துக்கொண்டன. இப்போது யார் தழை கேட்டு வந்தாலும் சுகுணா அவனைத்தான் பறித்துத் தரச் சொல்கிறாள். வாங்குகிறவர்கள் அவன் கண்ணெதிரே ஒவ்வொரு இலையாகத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுபோகிறார்கள்.