சுரங்கத்தில் சிக்கிய தலை

அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரிக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் இரட்டைப்பூட்டு. மேஜை இழுப்பறைக்கு ஒரு பூட்டு, அதன் சாவியைப் போட்டு வைக்கும் டப்பாவுக்கு இன்னொரு பூட்டு என்று வாழ்கிற மனிதர். அவர் எங்காவது கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தாலே நெட்வொர்க் எஞ்சினியருக்குப் புதுத் தலைவலி ஒன்று வந்து சேரும். இந்த முறை அவர் கொண்டுவந்து இறக்கியது சுரங்கத்துக்குள் சுரங்கம்.

மருத்துவமனைகளில் எடுக்கும் ஸ்கேன் படங்களை வாங்கி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் டாக்டர்களுக்கு அனுப்பி, அறிக்கை எழுதி வாங்கித் தருவதுதான் கம்பெனியின் தொழில். நோயாளியின் படம் பொது இணையத்தில் அம்மணமாகப் போகக் கூடாது அல்லவா? அதற்குத்தான் வி.பி.என். என்கிற ரகசியச் சுரங்கம். இந்த முனையில் பூட்டி அனுப்பிய படம் அந்த முனையில்தான் திறக்கும். நடுவில் எவன் எட்டிப் பார்த்தாலும் அவனுக்கு வெறும் கிறுக்கல்தான் தெரியும். எஞ்சினியர் பார்த்துப் பார்த்து அமைத்த அந்தச் சுரங்கம் ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இரட்டைப்பூட்டுக்கு அது போதவில்லை. பூட்டியதை இன்னொரு தரம் பூட்ட வேண்டும் என்றார். ஸ்கேன் படம் மட்டுமல்ல, டாக்டர் கேட்கிற பாட்டு, கம்ப்யூட்டர் தானாக இறக்கிக்கொள்கிற அப்டேட் என எல்லாமே தலைமை அலுவலகத்தில் பூட்டித் திறக்கிற ஒரே பெட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும் என்றார். கால் மணிக்கு ஒரு தரம் பாஸ்வேர்டும், ஃபோனுக்கு வரும் எண்ணும் கேட்க வேண்டும் என்றார். எஞ்சினியர் தன்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தாள். உறைக்குள் உறை போட்டால் தபால்பெட்டியின் வாய்க்குள் நுழையாது, கிழித்துக் கிழித்துத்தான் போட வேண்டும், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும், தலைமை அலுவலகத்துக் கிழட்டுப் பெட்டிக்கு அவ்வளவு தெம்பு கிடையாது என்றாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டார்.

"வேகம் வேகம்னு பறக்கறவங்க எல்லாம் ஒருநாள் அழுவாங்கம்மா. பாதுகாப்புன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

வலி யாருக்கு என்பது சீக்கிரமே தெரிந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருடன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்த நிர்வாக இயக்குநரின் முகம், வாயைப் பிளந்த வாக்கில் அப்படியே உறைந்து நின்றது. அன்று மதியமே, அவருக்குச் சொல்லாமலே, இரட்டைப்பூட்டின் உத்தரவில் அவருடைய கம்ப்யூட்டர் சுரங்கத்துக்கு வெளியே வந்தது. மறுநாள் இரட்டைப்பூட்டு எஞ்சினியரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, தன்னுடையதையும் வெளியே விட்டுவிடச் சொன்னார். "ஒரு சோதனைக்காகத்தான்" என்றார். அவள் அதையும் செய்தாள்.

வீட்டில்தான் அவளுக்குத் தலைநிமிர முடியவில்லை. அவள் புருஷன் அதே கம்பெனிக்குப் படம் பார்க்கும் டாக்டர். பெஞ்சாதி கட்டிய சுரங்கத்தில் புருஷன் மாட்டிக்கொண்டு விழித்தார். படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு சமையலறைக்குப் போய், டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் பாதி மண்டை வந்திருக்கும். மீதியைக் கேட்டால் பாஸ்வேர்ட் கேட்கும். "உன் சுரங்கத்துல எலிகூட ஓடாதும்மா" என்பார். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

ஒரு பிற்பகலில் விபத்தில் அடிபட்ட ஒருவரின் தலைப்படம் வந்தது; வந்தது என்ன, வந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கம் மருத்துவமனையிலிருந்து ஃபோன் மேல் ஃபோன். பொறுக்க முடியாமல் டாக்டர், அங்கே திரையில் தெரிவதை ஃபோனில் படம் பிடித்து அனுப்பச் சொன்னார். பார்த்துவிட்டு ரத்தக்கசிவு இல்லை என்றும் சொல்லிவிட்டார். கடைசியில் அசல் படம் தவழ்ந்து வந்து சேர்ந்தபோது, எலும்பை ஒட்டினாற்போல் மெல்லிசாக ஒரு கசிவு தெரிந்தது. உடனே மருத்துவமனையைக் கூப்பிட்டார். நல்லவேளை, நோயாளியை வீட்டுக்கு அனுப்பியிருக்கவில்லை. அறுவை சிகிச்சை செய்து பிழைக்க வைத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் அதை அவளிடம் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அதோடு அவர் திருந்தியிருக்க வேண்டும். ஆனால் அடுத்த படமும் தவழ்ந்துதான் வந்தது. டாக்டர்கள் எல்லோருமே ஃபோனில் ஒரு குழு வைத்துக்கொண்டு, அதில்தான் படங்களை அனுப்பி ஆலோசனை கேட்டுக்கொண்டிருந்தார்கள். எஞ்சினியருக்கு அது தெரியும். சுரங்கத்தில் போக்குவரத்து நாளுக்கு நாள் தேய்வதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். இரட்டைப்பூட்டும் பார்த்தார். தேவையில்லாத உபயோகம் ஒழிந்தது என்று அதையே தன் சாதனையாகக் கூட்டத்தில் காட்டிக் கைதட்டல் வாங்கினார்.

பிறகு ஒருநாள் டாக்டரின் விரல் தவறியது. சக டாக்டருக்குப் போக வேண்டிய முதுகுப்படம் அவர்கள் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவுக்குப் போய்விட்டது. படத்தின் மூலையில் பெயர் பளிச்சென்று இருந்தது: குடியிருப்புச் சங்கத் தலைவர். முதுகு ஒடிந்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி எல்லாப் பொதுவேலையிலிருந்தும் நழுவிக்கொண்டிருந்தவர். படத்துக்குக் கீழே டாக்டரின் வரி: "எனக்கு எல்லாம் நார்மலாத்தான் தெரியுது. நீங்களும் ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க."

குடியிருப்பே பார்த்துச் சொன்னது. தலைவர் வெளியே தலைகாட்ட முடியாமல் போயிற்று. ஆனாலும் முதுகு அவருடையது. அதை ஊரார் பார்வைக்கு வைக்க யாருக்கும் உரிமையில்லை. அவர் மருத்துவமனையில் புகார் கொடுத்தார். மருத்துவமனை கம்பெனியின் கழுத்தைப் பிடித்தது.

அவசரக் கூட்டத்தில் இரட்டைப்பூட்டு தயாராக வந்திருந்தார். அந்த டாக்டரை வேலையை விட்டு நீக்க வேண்டும், சுரங்கத்துக்கு மூன்றாவது பூட்டு போட வேண்டும் என்றார். சுற்றியிருந்தவர்கள் எஞ்சினியரின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது மடல் சுட்டது.

"என் வீட்டுக்காரர் செஞ்சது தப்புதான் சார். அதுக்கு என்ன தண்டனையோ கொடுங்க" என்றாள் நிர்வாக இயக்குநரிடம். "ஆனா எல்லா டாக்டரும் தெனம் அதைத்தான் செய்யறாங்க. தெரிஞ்சும் நான் வாயை மூடிட்டு இருந்தேன். ஒரே ஒரு தலைப்படத்தை டாக்டருங்க கனெக்‌ஷன்ல இங்க திறந்து பாருங்க."

பெரிய திரையில் திறந்தார்கள். நெற்றி வந்தது. காத்திருந்தார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் தண்ணீர் குடித்தார். கண்குழி வரை வந்தபோது பாஸ்வேர்ட் கேட்டது.

"என் கம்ப்யூட்டர்ல இப்படி இல்லையே?" என்றார் நிர்வாக இயக்குநர்.

"உங்க கம்ப்யூட்டர் சுரங்கத்துக்கு வெளியில இருக்கு சார். பாதுகாப்பு அதிகாரியோடதும்தான்."

இரட்டைப்பூட்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சோதனைக்காக என்றார். என்ன சோதனை என்று கேட்டதற்கு இன்னும் கொஞ்சம் துடைத்தார்.

மூன்றாவது பூட்டு போடவில்லை, இரண்டாவதும் கழன்றது. நல்ல பூட்டாக ஒன்று, அதைச் சட்டென்று போட்டுத் திறக்கத் தெம்புள்ள புதுப்பெட்டிகள், டாக்டர்களுக்குப் பக்கத்திலேயே. நோயாளியின் படமும் அறிக்கையும் மட்டும் சுரங்கத்தில். பாட்டும் அப்டேட்டும் வெளியே. மேலே இருப்பவர்களின் கம்ப்யூட்டர்களும் உள்ளே. ஃபோனில் படம் அனுப்பினால் வேலை போகும் என்று உத்தரவு வந்தது. இனி அனுப்ப யாருக்கும் தேவையும் இருக்கவில்லை. இரட்டைப்பூட்டு அடுத்த கருத்தரங்கில் பாதுகாப்புக்கும் வேகத்துக்கும் நடுவே சமநிலை காண்பது எப்படி என்று பேசி, ஒரு கேடயத்தோடு திரும்பினார். அந்தப் பேச்சுக்கான ஸ்லைடுகளை எஞ்சினியர்தான் போட்டுக்கொடுத்தாள். வேறு யார் போடுவார்கள்?

டாக்டரைக் கொஞ்ச காலம் படம் பார்க்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். சபையில் தன்னை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அவர் மனைவியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கத் தலைவரிடம் போய் நேரில் மன்னிப்பு மட்டும் கேட்டுவிட்டு வந்தார். தலைவர் உட்காரச் சொல்லவில்லை.

தடை நீங்கிய அன்று காலையில் முதல் படம் வந்தது. தொட்ட மாத்திரத்தில் மண்டை முழுசாகத் திறந்துகொண்டது. பின்னாலிருந்து எட்டிப் பார்த்த எஞ்சினியருக்குப் பெருமை தாங்கவில்லை. டாக்டர் திரும்பாமலே திரையைக் கையால் மறைத்தார்.

"நோயாளியோட பேர் இருக்கு. நீ பாக்கக் கூடாது. வெளியில இரு."

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.