ஹூக்குக்கு மேல் ஒரு பட்டன்

கணவர் சட்டையின் மூன்றாவது பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்துவிட்டுப் புது நூலில் திரும்பத் தைத்துக்கொண்டிருந்தாள். சட்டையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகக் கொழுந்தன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தான்.

"எதுக்கு அண்ணி இப்ப? மேல துணி போத்திடப் போறாங்க. பட்டனை யாரு எண்ணப் போறா?"

"ரெண்டு நிமிஷம்."

தெருவில் எல்லோருக்கும் அவள் டைலரக்கா. எந்தத் துணியையும் வெறும் ஹூக்கோடு கொடுத்தனுப்ப மாட்டாள். 'ஹூக்கு எப்ப கைவிடும்னு சொல்ல முடியாதும்மா. மேல ஒரு பட்டன் இருக்கட்டும்' என்பாள். அக்கா தைத்ததைக் கழற்றவே தனியாக ஓர் ஆள் வேண்டும் என்று பெண்கள் சிரிப்பார்கள்.

வாசலில் டிங்கரிங் கடைக்காரன் வந்து நின்றான். செருப்பைக் கழற்றிய பிறகும் உள்ளே கால் வைக்கவில்லை.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வந்த?" கொழுந்தன் பாய்ந்தான். "நீ மாட்டின கார் பானெட்டுதானே? காத்துல எகிறி நேரா கண்ணாடியில வந்து அடிச்சிருக்கு. முன்னாடி நின்ன லாரி அண்ணனுக்குத் தெரியவே இல்லை. நேத்து காலையில சிரிச்சுக்கிட்டு வண்டிய எடுத்தவன்யா!"

"படிச்சுப் படிச்சுச் சொன்னேங்க. கார்பன் ஃபைபர், வெயிட்டே கிடையாது. ஒத்தைக் கையால தூக்கிடலாம். பழைய பூட்டை மட்டும் நம்பாதீங்க, எகிறாம இருக்க முன்னாடி ரெண்டு பக்கமும் பின்னு போட்டுக்கலாம்னேன். பின்னு வெச்ச மாடலையே காட்டினேன். அண்ணன்தான்..."

அவன் கண் ஒரு கணம் அவள் பக்கம் வந்து திரும்பியது.

"அண்ணன்தான் என்ன? செத்தவன் தலையில கட்டப் பாக்கறியா? போலீஸ்ல எழுதிக் குடுத்து உன் கடைய இழுத்து மூடறேன் பாரு."

ஊசி பாதித் துணியில் நின்றது.

நாலு மாதமாக வீட்டில் அந்தப் பானெட்டைத் தவிர வேறு பேச்சில்லை. கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்க்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் ஃபோனில் படம் தேய்ப்பார். 'மூக்கு லேசானா வண்டி திரும்பறதே தனி சுகம். இந்த ஓட்டைங்க எதுக்குன்னு நினைக்கிற? உள்ள மாட்டற காத்து இது வழியா வெளிய போயிடும், முன்பக்கம் தூக்காது.' அவள் கேட்கிறாளா என்று பார்க்க மாட்டார். அவரைப் பொறுத்தவரை அது அவளிடம் பேசுவது ஆகாது. அவள் இருக்கும் அறையில் பேசுவது, அவ்வளவுதான். சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு எந்தக் கல்லூரி, தையல் மிஷின் எந்தச் சுவரோரம் என்பதெல்லாம் அவர் முடிவு செய்தபின் அவள் காதுக்கு வந்தவை.

அதனால்தான் பானெட்டு வாங்குவதற்கு முன் ஒரு நாள் மத்தியானம் அவர் ஃபோனை அவள் முகத்துக்கு நேரே நீட்டியபோது காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தாள்.

'இதுவும் நெசவுதான் தெரியுமா? நூலைக் குறுக்கும் நெடுக்குமா நெய்து, பசை ஊத்தி இறுக்கினது. துணி உன் டிபார்ட்மென்ட். ஓட்டையும் பின்னும் வெச்சது ஒண்ணு, மொழுமொழுன்னு ஒண்ணு. எது நல்லாருக்கு, சொல்லு.'

இருபத்திரண்டு வருஷமாக எதிர்பார்த்திருந்த கேள்வி. வந்தபோது சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கேட்பதற்கு இதுதானா கிடைத்தது? ஒரு ரவிக்கைக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்காமலே சாக்பீஸ் படிந்த விரலை நீட்டி, பட்ட இடத்தில் வைத்தாள்.

'இது.'

'மொழுமொழுவா?' கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். 'ம்... நீ சொன்னா சரி.'

திரையில் படிந்த வெள்ளைத் தீற்றலைக் கண்ணாடி துடைக்கும் துணியால் துடைத்துக்கொண்டே போனார். நீ சொன்னா சரி. அன்று சாயங்காலம் முழுக்க அந்த மூன்று வார்த்தைகளை அவள் மனசுக்குள் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைக்க இப்போது கூசியது.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

கூடம் திரும்பியது.

"அந்த மாடலை எடுத்தது நான். பின்னு வெச்சது வேணாம்னு ஆனது என்னாலதான். கடைக்காரரை விட்டுடு."

கொழுந்தன் அவளைப் பார்த்தான். குரல் இறங்கியது. அந்தக் கனிவுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"அண்ணி, உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா யாருகிட்ட சொல்றீங்க? எங்க அண்ணனாவது, உங்களைக் கேட்டு வாங்கறதாவது!"

மூலையில் அழுதுகொண்டிருந்த நாத்தனார் மூக்கைத் துடைத்தாள். "அவனா? காப்பிக்குச் சக்கரை போதுமான்னுகூட இவளை ஒரு வார்த்தை கேட்டவன் இல்லையே!"

யாரோ 'உச்' கொட்டினார்கள். இன்னொருத்தி முந்தானைக்குள் சிரித்தது போலவும் இருந்தது. துக்க வீட்டிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் அது. சாட்சிக்கு இருந்த ஒரே தீற்றலையும் அவரே துடைத்துவிட்டிருந்தார்.

"அண்ணன் சொன்னாருக்கா." டிங்கரிங் கடைக்காரன் குனிந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டான். "வீட்டம்மா செலக்‌ஷன்னு. கடையில இருந்த எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லிக் காட்டினாரு."

"அண்ணியையும் இழுக்கறியா? எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்ல மாட்டான்னு தைரியமா? போய்யா வெளிய!"

கொழுந்தன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளினான். கேட் வரை அந்த மனிதன் செருப்பைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போனான். கேட்டைத் தாண்டியதும் ஒருமுறை திரும்பி அவளைப் பார்த்தான். அவள் எழுந்துகொள்ளவில்லை.

கொழுந்தன் மூச்சு வாங்கத் திரும்பி வந்தான். "அவனை நான் பாத்துக்கறேன். நீங்க எதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. சட்டையைக் குடுங்க, நேரமாச்சு."

"இரு."

பட்டனுக்கு நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். பிறகு சட்டையை உட்புறமாகத் திருப்பி, தகர டப்பாவைக் கிளறி ஒரு சின்ன ஹூக்கை எடுத்தாள். பட்டன் ஓட்டைக்குப் பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில் வைத்துத் தைத்து, எதிர்ப்பக்கம் அது மாட்ட நூலில் ஒரு கண்ணி போடத் தொடங்கினாள்.

"அதான் பட்டன் வெச்சாச்சே அண்ணி?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். ஹூக்கை மாட்டி, பட்டனைப் போட்டு, எந்த வாடிக்கைக்காரிக்கும் செய்வதுபோல இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை, பலமாக.

விடவில்லை.